எரிய மாட்டேன்னு ஓடுன மதன்

வருசத்துல பதினோரு மாசம் நான் ஆம்பள. மாசி மாசம் மட்டும் பொம்பள. சிரிக்காதீங்க, சிரிச்சா கதைய இத்தோட நிறுத்திப்புடுவேன். நான் காமன் கூத்துல ரதி வேசம் கட்டுறவன். பேரு நல்லமுத்து. மலையகத்துல நோர்வூட்டுக்கு மேல ஒரு தேயிலத் தோட்டத்துல வேலை. ஸ்டோருல, அதான் தேயில ஃபேக்டரியில, கொழுந்து காயவைக்கிற அடுப்புக்கு வெறகு தள்ளணும். என் கையப் பாத்தீங்கன்னா கரிக்கட்டையாட்டம் இருக்கும். மாசி பொறந்தா அந்தக் கையிலதான் வளையல் ஏறும்.

காமன் கூத்து பாக்காதவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிர்றேன். மாசி அமாவாசை கழிஞ்சதும் பொட்டல்ல வைக்கோல் சுத்துன ஒரு கம்பத்த நடுவோம். அதுதான் காமன். அன்னையிலருந்து பௌர்ணமி வரைக்கும் தப்பு அடிச்சு ஆடுவோம். மதனுக்கும் ரதிக்கும் கல்யாணம் நடக்கும். தவத்துல இருக்க சிவன எழுப்பப் போவான் மதன். சிவன் நெத்திக்கண்ணத் தொறந்து அவன எரிச்சிருவாரு. ரதி மண்ணுல பொரண்டு அழுவா. மூணாம் நாளு மதன் எந்திரிப்பான். அவ்வளவுதான்.

நான் ரதி கட்டுனது அழகுக்காக இல்ல. அது நேர்த்தி. எம் பொஞ்சாதி அழகம்மாவுக்கு ரெண்டு தடவை வயித்துல தங்குச்சு. ரெண்டும் மூணாம் மாசத்துலயே போயிருச்சு. ரெண்டாவது போனப்ப அவ அழக்கூட இல்ல, சும்மா அடுப்பையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா. எனக்கு அதுதான் தாங்க முடியல. நாலு பேரு நாலு விதமாப் பேசுனாங்க. கூத்து மாஸ்டர் வீரய்யா மட்டும், “மூணு மாசி ரதி கட்டுறேன்னு வேண்டிக்கடா. ஒரே ரதி, ஒரே மதன். நடுவுல தடங்கல் வராம மதன் எரிஞ்சு எந்திரிக்கணும். மடியில புள்ளையப் போடுறது காமன் பொறுப்பு”ன்னாரு. அன்னிக்கே மீசைய வழிச்சிட்டேன்.

ரெண்டு மாசி நல்லபடியா முடிஞ்சுது. நான் சொல்றது மூணாவது மாசி. எண்பத்திரண்டாம் வருசம். அதுல தடங்கல் வந்தா திரும்பவும் ஒண்ணுலருந்து ஆரம்பிக்கணும். அழகம்மாவுக்கு அவ்வளவு பொறுமை இருக்குமான்னு எனக்குத் தெரியாது. எனக்கு இல்லைங்கிறது மட்டும் நல்லாத் தெரியும்.

இதுல எம் புருசன் யாருன்னு கேக்குறீங்களா? எம் மச்சினன் செல்லசாமி. அழகம்மாவோட கூடப்பொறந்த தம்பி. தேயிலச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுறவன், நல்ல ஒடம்பு, காலு நிலத்துல பாவாம ஆடுவான். அவனப் பாத்து நான் “நாதா”ன்னு கூப்புடணும். வீட்டுல அவன் எங்கிட்ட கடன் கேட்டா செருப்பால அடிப்பேன், பொட்டல்ல கால்ல விழுவேன். கலைன்னா அப்படித்தான்.

எல்லாம் ஒழுங்காத்தான் போயிக்கிட்டிருந்துச்சு, பெற்றீசியா கொழும்புலருந்து வர்ற வரைக்கும்.

பெற்றீசியா நம்ம லயத்துப் புள்ளதான். ஒரே கூரைக்குக் கீழ வரிசையா இருக்க எங்க வீடுகள்ல, கடைசிக் காம்பராவுல இருக்க சுகிர்தம் அக்காவோட மக. வேதக்காரங்க. கொழும்புல ஒரு பெரிய வீட்டுல சமையலுக்கு நின்னா. அந்த வீட்டு முதலாளி குடும்பத்தோட வெளிநாடு போகவும், இவளுக்கு லீவு குடுத்து, கூடவே ஒரு சாமானும் குடுத்து அனுப்பிட்டாங்க. சோப்புக்கட்டி அளவுல ஒரு வெள்ளித் தகரம். நடுவுல கண்ணாடி. எடப்பக்கம் ஒரு பொத்தான், வலப்பக்கம் ஒரு பொத்தான். கண்ணாடிக்குள்ள எறும்பு அளவுல ஒரு மனுசன். கையில வாளி. மேலருந்து நெருப்பு நெருப்பா விழும். அவன் எடதும் வலதுமாத் தாவித் தப்பிச்சு, வாளித் தண்ணியக் கொண்டுபோயி அந்தப் பக்கம் ஊத்தணும். மூலையில இன்னும் மூணு குட்டி மனுசன் நிப்பாங்க. அதுதான் அவனோட உயிரு. ஒரு தடவை நெருப்புப் பட்டா ஒரு உயிரு அணையும். மூணும் போச்சுன்னா “கீ... கீ... கீஈஈ”ன்னு இழுத்துக்கிட்டே ஒரு சத்தம் வரும், ஆட்டம் முடிஞ்சுது. திரும்பப் பொத்தான அமுக்குனா மறுபடி மூணு உயிரோட வந்து நிப்பான், வெக்கங்கெட்ட பய.

நம்ம சனங்க அவனுக்குப் பேரே வச்சிட்டாங்க, தண்ணிக்காரன்னு.

பெற்றீசியா வந்த ரெண்டாம் நாளு சாம்பல் புதன். அவுங்களுக்குத் தவக்காலம் ஆரம்பிச்சிருச்சு. சுகிர்தம் அக்கா, “நாப்பது நாளைக்கு எறச்சி இல்ல, வெளையாட்டும் இல்ல. அந்தத் தகரம் இந்த வீட்டுல கீச்சுன்னு ஒரு சத்தம் போட்டுச்சோ, பீலித்தண்ணியில வீசிப்புடுவேன்”ன்னு சொல்லிருச்சு. அந்தப் புள்ள என்ன பண்ணும்? பக்கத்துல நின்ன செல்லசாமிகிட்ட, “அண்ணே, ஈஸ்டர் பெரிய நாள் வரைக்கும் பத்திரமா வச்சிருங்க”ன்னு குடுத்துருச்சு.

யாருகிட்டக் குடுக்குறா பாருங்க. அவன் காமனுக்கு விரதம் இருக்கவன். அவ விரதத்துக்காக விட்டத, விரதக்காரன் கையில குடுத்தா. இந்தக் கொடுமைய நான் எந்தச் சாமிகிட்டப் போயி சொல்றது?

அன்னையிலருந்து போச்சு. கவ்வாத்து மலையில தேத்தண்ணி குடிக்கிற நேரம் கீச்சு. காலையில பெரட்டுல பேரு கூப்புடுற நேரம் கீச்சு. ராவுக்கு ஒத்திகை பாக்குற எடத்துல, நான் “நாதா, இந்த அபலையை விட்டுப் போகலாமா”ன்னு உருகி உருகிப் பாடுறேன், அவன் மடிக்குள்ளருந்து கீச்சு. “அமத்துடா அந்தச் சனியன”ன்னு நான் கத்துனா, “ஒரு நிமிசம் மச்சான், ஒரு உயிருதான் இருக்கு”ங்குறான். கட்டுன பொஞ்சாதி பாடிக்கிட்டிருக்கேன், எவனோ ஒரு எறும்போட உயிரு அவனுக்குப் பெருசாப் போச்சு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு வளையல ஒடைச்சிருப்பேன். வளையல் அழகம்மாவோடது, அதான் ஒடைக்கல.

அவன் மட்டும்னா பரவால்ல. லயமே ரெண்டாப் பொளந்துருச்சு. ஒரு கூட்டத்துக்கு அந்தத் தகரம்னா உயிரு. ஒருத்தன் கை மாத்துறதுக்குள்ள அடுத்தவன் கைய நீட்டிக்கிட்டு நிப்பான். இன்னொரு கூட்டத்துக்கு அதக் கண்டாலே ஆவாது. பக்கத்துக் காம்பராக் காளியாயிதான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவி. அந்தச் சத்தத்துல அவ கோழி அடைக்கு உக்காராம எந்திரிச்சு ஓடுதாம். “சின்னதா ஒரு உசுர ஓட விட்டு, அது எரியிறத வேடிக்க பாக்குறீங்களே, நீங்கள்லாம் மனுசங்களா?”ன்னு காளியாயி கேப்பா. “அவன் எங்க எரியிறான்? அமுக்குனா எந்திரிக்கிறான்ல!”ன்னு இவனுங்க சொல்லுவானுங்க.

காமன் பொட்டல்ல வருசா வருசம் லாவணி பாடுவோம். எரிஞ்ச கட்சி, எரியாத கட்சின்னு ரெண்டா உக்காந்து, மதன் எரிஞ்சானா எரியலையான்னு விடிய விடிய எசப்பாட்டு நடக்கும். அந்த வருசம் மதன எவனும் சீண்டல. எரிஞ்ச கட்சிக்காரன் எந்திரிச்சு,

“தகரத்துக்குள் தவிக்கிறானே தண்ணிக்காரன் – அவன்
தலையில தீ விழுந்த பின்னே மிஞ்சுவானா?”

அப்படின்னான். எரியாத கட்சிக்காரன் கொஞ்சமும் அசராம,

“விழுந்தவனும் எழுந்து நிக்கான் பார்த்தீரா – உங்க
வீட்டில் போன ஆளு வந்து நின்னாரா?”

அப்படின்னு போட்டான். காளியாயியோட புருசன் செத்து ஒரு வருசம்தான் ஆச்சு. அவ வெளக்குமாத்தத் தூக்கிட்டு வந்துட்டா. லாவணி அதோட கலைஞ்சுது.

நான் எரிஞ்ச கட்சி. ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு? நானும் ஒரே ஒரு தடவை வெளையாடிப் பாத்தேன். எடது எதுன்னு நான் யோசிக்கிறதுக்குள்ள மூணு பேரும் எரிஞ்சு போனானுங்க. சுத்தி நின்னவனுங்க சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு. அப்புறம் எப்படி எனக்கு அதப் புடிக்கும்?

எம் பொஞ்சாதி எந்தக் கட்சின்னு கேளுங்க. எரியாத கட்சி! அதுவும் சும்மா இல்ல, அவள மாதிரி வெளையாட லயத்துல ஆளே கெடையாது. மலைத்தண்ணி விழுற பீலியில கொடத்த வச்சிட்டு, அது நெறையிறதுக்குள்ள தம்பிகிட்ட வாங்கி ஒரு ஆட்டம் போடுவா. தண்ணிக்காரன் அவ கையில சொன்ன பேச்சு கேட்டான். வெளையாடுறப்ப மொகத்துல ஒரு சிரிப்பு வரும் பாருங்க, அந்தச் சிரிப்ப நான் ரெண்டு வருசமாத் தேடிக்கிட்டிருந்தேன். அது ஒரு தகரத்தப் பாத்து வருதேன்னு எனக்கு இன்னும் ஆத்திரம்.

அவகிட்ட ஒரே ஒரு கிறுக்குப் பழக்கம். ரெண்டு உயிரு போச்சுன்னா டக்குன்னு அமத்திருவா. மூணாவத வச்சு வெளையாடவே மாட்டா. “அடியேய், இன்னும் ஒண்ணு இருக்கே!”ன்னு பொம்பளைங்க கத்துவாளுக. “இருக்கட்டும்”ன்னு தகரத்தக் குடுத்துட்டு, கொடத்தத் தூக்கிட்டுப் போயிருவா. நானும் பாத்தேன். பாத்துட்டு, கிறுக்குன்னுதான் நெனச்சேன்.

செல்லசாமிக்கும் ஒரு பழக்கம் ஒட்டிக்கிச்சு. அந்தக் கடைசிச் சத்தம் இருக்கே, கீ... கீ... கீஈஈ, அது காதுல விழுந்தா போதும், வலது கையத் தலையில வச்சுக்கிட்டு “போச்சுடா!”ன்னு அப்படியே குந்திருவான். அவன் வெளையாடணும்னு இல்ல, யாரு வெளையாண்டாலும் அப்படித்தான். ஒரு நாளு பெரட்டுல யாரோ மறைவா ஆடித் தோத்தானுங்க. தொரைக்கு முன்னாடி இவன் “போச்சுடா!”ன்னு குந்திட்டான். தொரை ஏதோ வியாதின்னு நெனச்சு ஆஸ்பத்திரிக்குத் துண்டுச் சீட்டு குடுத்தாரு.

இதெல்லாம் சிரிப்புதான். சிரிப்பு நின்னது கடைசி ஒத்திகையில.

மதன் எரியிற கட்டத்துக்கு ஒரு முறை இருக்கு. மதன் முதுக கம்பத்துல ஒட்டிக்கிட்டு அசையாம நிக்கணும். சிவன் பந்தத்தோட வந்து, அவன் தலையச் சுத்தி மூணு சுத்துச் சுத்தி, கம்பத்து உச்சியில தீ வைப்பாரு. வச்ச நொடியில மதன் விழணும், வெள்ளத் துணியால மூடுவாங்க. மதன் முதுகு படாத கம்பத்துக்குத் தீ வச்சா அது காமன் இல்ல, வெறும் வைக்கோலு. அது மட்டுமில்ல, சூரியன் மொகம் காட்டுறதுக்கு முந்தி வச்சாகணும். தவறுனா அந்த வருசக் கூத்தே செல்லாது.

எங்க சிவன் முனியாண்டி அண்ணன். லொறிக்குத் தேயிலப் பெட்டி ஏத்துற ஆளு, நல்ல தொந்தி. ஒத்திகையில பந்தத்தக் கொளுத்தி, கண்ண உருட்டிக்கிட்டு மதன்கிட்டப் போனாரு. பந்தம் தலைக்கு வர்றதுக்குள்ள செல்லசாமி எடது பக்கம் ஒரு தாவு! எல்லாரும் சிரிச்சாங்க. மறுபடி நிப்பாட்டுனோம். பந்தம் வந்துச்சு. வலது பக்கம் ஒரு தாவு! அதே தாவுதான், தண்ணிக்காரன் தாவுற தாவு.

“என்னடா வெளையாட்டு?”ன்னாரு வீரய்யா மாஸ்டர்.

“வெளையாடல மாஸ்டர்”ன்னான் அவன். மொகம் வெளுத்துருச்சு. “நெருப்பக் கண்டா காலு தானாப் போகுது. நான் நில்லுன்னுதான் சொல்றேன், நிக்க மாட்டேங்குது.”

கயித்தால கட்டலாமான்னு நான் கேட்டேன். மதன் தானா நின்னுதான் எரியணும், கட்டிப்போட்டு எரிச்சா கொலைன்னு மாஸ்டர் வஞ்சிட்டாரு. தகரத்தப் புடுங்கி அழகம்மாகிட்டக் குடுத்தாரு. “ஓன் தம்பி கையில இது படக் கூடாது. கூத்து முடியிற வரைக்கும் ஓம் பொறுப்பு”ன்னாரு. அவ வாங்கி இடுப்புல சொருகிக்கிட்டா. நான் அவளப் பாத்தேன். அவ என்னப் பாக்கல. விரதத்துல இருக்க ரதியும் மதனும் பொட்டல்லயேதான் படுக்கணும், வீட்டுப் படி ஏறக் கூடாது. அதனால அவகிட்டத் தனியா ஒரு வார்த்தை பேசக்கூட முடியல. நேர்த்தி கையவிட்டுப் போகப் போகுதுன்னு ராத்திரியெல்லாம் கம்பத்தையே பாத்துக்கிட்டுக் கெடந்தேன்.

பௌர்ணமி வந்துச்சு. ராத்திரி பூரா ஆட்டம் நல்லாத்தான் போச்சு, அதுல கொறை சொல்ல மாட்டேன். கெழக்கு வெளுக்குற நேரம், மலைக்கு மேல பனி மட்டும் நிக்கிது, சிவன் தவத்துக்கு உக்காந்திருந்த பரண்லருந்து எறங்குனாரு. பந்தம் எரியிது. நெத்திக்கண்ணு தொறக்குறப்ப தப்பு நிக்கணும், நின்னுச்சு. செல்லசாமி கம்பத்துல முதுக ஒட்டி, கண்ண இறுக்கி மூடிக்கிட்டு நின்னான். ஒரு சுத்து சுத்துனாரு முனியாண்டி அண்ணன். சூடு பட்டிருக்கும் போல. கண்ணத் தொறந்தான். எடது பக்கம் ஒரு தாவு.

“டேய்!”ன்னாரு சிவன்.

வலது பக்கம் ஒரு தாவு. சிவன் வெரட்டுறாரு, மதன் கம்பத்தச் சுத்திச் சுத்தி ஓடுறான். நெத்திக்கண்ணத் தொறந்த சாமி, வேட்டியத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு மூச்சு வாங்குறாரு. எரியாத கட்சிக்காரனுங்க விசிலடிக்கிறானுங்க. “விடாத மாப்ள, இன்னும் மூணு உயிரு இருக்கு!” எரிஞ்ச கட்சிக்காரனுங்க, “புடி, புடி, அந்தப் பக்கம் மறி!”ங்குறானுங்க. காளியாயி எங்கருந்தோ வெளக்குமாத்தோட வந்து நிக்கிறா. சுகிர்தம் அக்கா நெஞ்சுல சிலுவை போடுது. மாஸ்டர் தலையில கைய வச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. மலை விளிம்புல செவப்பு ஏறிக்கிட்டே வருது.

அந்த எடத்துல ரதிக்கு என்ன பாட்டு தெரியுமா? “எம் மணாளனை எரிக்காதீர் அய்யனே”ன்னு சிவன் கால்ல விழுந்து கெஞ்சணும். நான் சேலையத் தூக்கி வரிஞ்சு கட்டிக்கிட்டு மதன வெரட்டுறேன். “நில்லுடா! நின்னு எரிஞ்சு தொலைடா பாவி! என் வாழ்க்கையில மண்ணப் போடாதடா!” புருசன எரிய விடுங்கன்னு எந்த ரதியாவது ஒப்பாரி வச்சிருக்காளா? நான் வச்சேன். சனம் வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்குது. எனக்குக் கண்ணுல தண்ணி கொட்டுது. மையெல்லாம் கரைஞ்சு வாய்க்குள்ள போகுது.

செல்லசாமியும் அழுதுக்கிட்டேதான் ஓடுனான். “என்னால முடியல மச்சான்! நிக்க மாட்டேங்குது மச்சான்!”

அப்பத்தான் அந்தச் சத்தம் கேட்டுச்சு. கீச்சு, கீச்சு, கீச்சு. பொம்பளைங்க கூட்டத்துக்கு முன்னால அழகம்மா. கையில தகரம். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! தோட்டமே சிரிப்பாச் சிரிக்குது, எம் பொழப்பு நாறுது, இந்த நேரத்துல இவளுக்கு வெளையாட்டு கேக்குதா? “அழகம்மா! அமத்துடி அத!”ன்னு கத்துனேன்.

அவ அமத்தல. மொகத்துல சிரிப்பும் இல்ல. பல்லக் கடிச்சுக்கிட்டு, ஏதோ முள்ளப் புடுங்குற மாதிரி தகரத்தப் பாத்துக்கிட்டிருந்தா. ரெண்டு கட்டைவிரலும் பொத்தான் மேலயே இல்ல. தண்ணிக்காரன சும்மா நிப்பாட்டி வச்சிருந்தா.

கீ. ஒண்ணு போச்சு. ஓடிக்கிட்டிருந்த செல்லசாமி தடுமாறுனான்.

கீ. ரெண்டாவதும் போச்சு. அவன் ஓட்டம் நடையாச்சு.

அவ அமத்துவான்னு நெனச்சேன். ரெண்டு போனா எப்பவும் அமத்துறவதானே? கட்டைவிரல் ஒரு தடவை பொத்தான் பக்கம் போச்சு. அப்புறம் திரும்பி வந்துருச்சு. கண்ண மூடிக்கிட்டா.

கீ... கீ... கீஈஈ.

செல்லசாமி வலது கையத் தலையில வச்சான். “போச்சுடா!”ன்னு கம்பத்துல முதுகத் தேச்சுக்கிட்டே அப்படியே குந்துனான்.

“வைங்கண்ணே!”ன்னு கத்துனது நானா மாஸ்டரான்னு இன்னிக்கும் எங்களுக்குள்ள சண்டை. முனியாண்டி அண்ணன் மிச்ச ரெண்டு சுத்தையும் சுத்தி, எட்டி உச்சியில பந்தத்த வச்சாரு. வைக்கோலு குப்புன்னு புடிச்சுது. மதன் பக்கவாட்டுல சரிஞ்சான். வெள்ளத் துணி விழுந்துச்சு. தப்பு இடி மாதிரி எறங்குச்சு. அதுக்கப்புறம்தான் மலைக்கு மேல சூரியன் மொகத்தக் காட்டுச்சு.

நான் மண்ணுல விழுந்து பொரண்டேன். அழு அழுன்னு அழுதேன். முந்துன ரெண்டு வருசமும் பாட்டப் பாடி அழுதவன், அந்த வருசம் பாட்டே இல்லாம அழுதேன். போன ரெண்டு புள்ளைகளுக்கும் சேத்து அழுதேன், அதுங்களுக்கு நான் அது வரைக்கும் அழுததே இல்ல. கொஞ்ச நேரம் முந்தி சிரிச்ச பொம்பளைங்க மூக்க உறிஞ்சுனாளுக. காளியாயி வெளக்குமாத்தக் கீழ போட்டுட்டு எம் பக்கத்துல வந்து உக்காந்து கூடவே ஒப்பாரி வச்சா. தலையத் தூக்கி அழகம்மாவத் தேடுனேன். அவ தகரத்த மாரோட அணைச்சுக்கிட்டு, யாரையும் பாக்காம லயத்துக்கு எறங்கிப் போயிக்கிட்டிருந்தா.

அடுத்த ரெண்டு நாளும் அவ பொட்டலுக்கு வரல. கொழுந்து எடுக்கவும் போகலன்னு கேள்விப்பட்டேன். மதன் எந்திரிக்கிற வரைக்கும் நான் வீட்டுப் படி ஏறக் கூடாது. காளியாயிகிட்ட விசாரிச்சேன். “படுத்தே கெடக்கா. கேட்டா, மூணாவதையும் எரிச்சிட்டேன்க்கா, நானே எரிச்சிட்டேன்ங்குறா. எனக்கு ஒண்ணும் வெளங்கல தம்பி”ன்னு சொன்னா. எனக்கும் அப்ப வெளங்கல.

மூணாம் நாளு காலையில செல்லசாமியத் திரும்பவும் படுக்க வச்சு மூடி, பாலு தெளிச்சு மதன எழுப்புனோம். வெள்ளத் துணிய எடுத்ததும் செல்லசாமி துள்ளி எந்திரிச்சு ஒரு ஆட்டம் ஆடுனான். எடதும் வலதுமாத் தாவுனான், அன்னிக்குத் தாவலாம், குத்தமில்ல. எனக்குத் திரும்பவும் தாலியக் கட்டுனான். ரதியோட வேலை முடிஞ்சுது. வேசத்தக் கூடக் கலைக்காம, சேலையோட லயத்துக்கு ஓடுனேன்.

அழகம்மா வீட்டு முன்வாசல் இஸ்தோப்புல காலக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தா. தகரம் முன்னால கெடந்துச்சு.

“மதன் எந்திரிச்சிட்டானா?”ன்னு கேட்டா.

“எந்திரிச்சு ஆடுறான் தடிமாடு. ஒனக்கு என்ன புள்ள? ஏன் இப்படிக் கெடக்க?”

அவ தகரத்த எடுத்தா. பொத்தான அமுக்குனா. கீச்சுன்னு ஒரு சத்தம். தண்ணிக்காரன் வாளியோட வந்து நின்னான், மூலையில மூணு பேரும் நின்னாங்க. அவ அதையே பாத்துக்கிட்டிருந்தா. அப்புறம்தான் மூச்சு விட்டா.

“எனக்கு ரெண்டு போச்சுங்க”ன்னா. “இவனுக்கு ரெண்டு போனாலும் இன்னும் ஒண்ணு நிக்கும். அதப் பாக்கத்தான் வெளையாடுனேன். அந்த ஒண்ண நான் என்னிக்கும் தொட்டதில்ல. அன்னிக்கு அவன் எரியலைன்னா ஒங்க நேர்த்தி போயிரும், எரிக்கணும்னா இந்த ஒண்ண நானே கொல்லணும். என்ன பண்ணுவேன் சொல்லுங்க? எரிச்சிட்டேன். ரெண்டு நாளா எந்த நேரம் வயிறு வலிக்குமோன்னு பயந்துக்கிட்டே படுத்திருந்தேன்.”

“வயிறு ஏன் வலிக்கணும்?”ன்னு கேட்டேன். நான் அவ்வளவு மண்டு.

அவ எங் கையப் புடிச்சு, வளையலு குலுங்க, அடிவயித்துல வச்சா. “மூணு மாசம் முடிஞ்சு நாலு நடக்குதுங்க. ஒங்ககிட்டச் சொன்னா கண்ணு பட்டுருமோன்னு மதன் எந்திரிக்கட்டும்னு இருந்தேன்.”

நான் தேம்பித் தேம்பி அழுதேன். பொட்டு வச்சு, பூ வச்சு, சேலை கட்டுன ஆம்பள இஸ்தோப்புல உக்காந்து அழுவுறான், அவ முந்தானையால என் மையத் தொடைக்கிறா. எதுத்தாப்புல போன கணக்கப்பிள்ளை ஒரு நிமிசம் நின்னு பாத்துட்டு, குடையத் தாழ்த்திப் புடிச்சுக்கிட்டுப் போயிட்டாரு.

பெரிய நாளு முடிஞ்சதும் பெற்றீசியா தகரத்த வாங்கிக்கிட்டுக் கொழும்புக்குப் போயிருச்சு. எரியாத கட்சிக்காரனுங்க பஸ் வரைக்கும் போயி வழியனுப்புனானுங்க, அந்தப் புள்ளைய இல்ல, தகரத்த. செல்லசாமி ரெண்டு நாளு சோறு திங்கல.

ஆவணியில எங்களுக்குப் பொம்பளப் புள்ள பொறந்துச்சு. ரதின்னு பேரு வைக்கச் சொன்னாங்க எல்லாரும். நான் ஒத்துக்கல, அது எம் பேரு. பூரணின்னு வச்சோம். பொறந்த அன்னையிலருந்து தொண்டைன்னா தொண்டை, அப்படியொரு தொண்டை. கீ... கீ... கீஈஈன்னு இழுத்து அழும். அது ஆரம்பிச்சா, நாலு காம்பரா தள்ளி செல்லசாமி “போச்சுடா!”ன்னு குந்துற சத்தம் கேக்கும். காளியாயி செவுத்தத் தட்டி, “நல்லமுத்து, அமத்துடா அத, கோழி ஓடுது!”ன்னு கத்துவா.

“அமத்த முடியாதுக்கா”ன்னு நான் சொல்லிட்டு, மடியில வச்சு, அது அழுது முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருப்பேன்.